தண்ணீருக்கு அருகில் ஒரு மர அலமாரி

மரம் உயிரோடு நின்ற நாளெல்லாம் வேரிலிருந்து இலை வரை நீரை ஏற்றிச் சென்ற நுண்ணிய குழாய்கள், அதை வெட்டி அறுத்து உலர்த்திய பின்னரும் மறைந்துவிடுவதில்லை. நீர் கிடைத்தால் அவை மீண்டும் குடிக்கும். குளியலறை வாஷ்பேசினுக்கு அடியில் தம் கையாலேயே ஓர் அலமாரி செய்து வைக்க விரும்புவோர் முதற்கண் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இதுவே.

பணி ஓய்வு பெற்ற தந்தையர் சிலர் பின்தாழ்வாரத்தில் ஒரு பட்டறை மேசையை இட்டு, இழைப்புளியும் உளியுமாகப் பொழுதைப் பயனுள்ள வகையில் கழிப்பதைக் காண்கிறோம். அவர்களுக்கு இது தக்க வேலை. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டி, நம் வீட்டுக் குழாய் எப்பக்கம் வளைகிறது என்பதை அறியாது. வீட்டிலுள்ளோரின் உயரத்தையும் அறியாது. எனினும் பல நாள் உழைப்பு ஈரத்தால் உப்பிப் பாழாவதைக் காணும் துயரம் சிறிதன்று. அதற்குக் காரணம் பெரும்பாலும் மேலிருந்து தெறிக்கும் நீரன்று. கீழிருந்து ஏறும் நீரே.

நம் நாட்டுக் குளியலறைத் தரை நாள்தோறும் நீரூற்றிக் கழுவப்படுவது. மரக்காலின் அடிப்பாகமோ குறுக்கே அறுபட்ட முகம்; மேற்சொன்ன நுண்குழாய்கள் அனைத்தும் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன. பலகையின் பக்கங்களைப் பளபளக்க வார்னிஷ் பூசிவிட்டு அடிக்காலைப் பூசாமல் விடுவது, முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். ஆதலால் பெட்டியைத் தரையினின்று ஆறு அங்குலமேனும் உயர்த்துங்கள். கால்களின் அடிமுகத்தில் எண்ணெயோ வார்னிஷோ இனி இழுக்காது என்னும் அளவுக்கு மும்முறை, நான்முறை ஊட்டுங்கள். ஒவ்வொரு காலின் கீழும் ஒரு சிறு கருங்கல் துண்டை வைப்பது இன்னும் நன்று.

மரங்களுள் தேக்கே இவ்விடத்துக்கு உகந்தது. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஈரத்தால் சுருங்கி விரிவதும் குறைவு. ஆனால் வைரம் பாய்ந்த பகுதியையே கேட்டு வாங்க வேண்டும்; வெளிறு எந்த மரத்ததாயினும் பூச்சிக்கு விருந்து. வேங்கை உறுதியில் குறைந்ததன்று. ஆயினும் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் கசியும் இயல்புடையது. வெள்ளை ஓடு பதித்த தரையில் அதை வைத்துவிட்டு இல்லத்தரசியின் முகத்தை எவ்வாறு நோக்குவது?

தேக்கின் விலை கட்டுப்படியாகாதோர் பெட்டியின் உடலைப் பிளைவுட்டில் செய்யலாம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் இட்டாலும் அடுக்குப் பிரியாதபடி செய்யப்படுவது. பசை விடாது என்பதே இதன் பொருள். அறுத்த விளிம்பு நீரை உறிஞ்சாது என்பதன்று. ஆகவே ஒவ்வொரு விளிம்பையும் மரப்பட்டை ஒட்டியோ, வார்னிஷ் ஊட்டியோ மூடியாக வேண்டும். குழாய்க்காகத் துளைத்த ஓட்டையின் உட்சுவரையும் மறவாதீர்கள். அதை மறப்பவரே பலர்.

கதவை மட்டும் கெட்டி மரத்தில் செய்தால், சட்டத்தில் காடி எடுத்து நடுப்பலகையைப் பசையின்றிச் செருக வேண்டும். மரம் நீளவாக்கில் அசைவது மிகச் சொற்பம். அகலவாக்கில்தான் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். பலகையைப் பசையிட்டுச் சிறைப்படுத்தினால் அது பிளக்கும், அல்லது சட்டத்தின் மூலைகளைத் தள்ளிப் பெயர்க்கும். கதவின் வெளிப்புறத்துக்கு எத்தனை பூச்சோ, உட்புறத்துக்கும் அத்தனையே. இல்லையேல் ஒருபுறம் மட்டும் ஈரம் ஏறிக் கதவு வளைந்துவிடும். திருகாணிகளும் கீல்களும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

உயரம் தரையிலிருந்து பேசினின் விளிம்பு வரை 32 முதல் 34 அங்குலம் பொதுவாகப் பொருந்தும். ஆனால் அளவுகோலைவிட வீட்டிலுள்ள பாட்டியாரை அருகில் நிறுத்திப் பார்ப்பதே சிறந்தது. முகம் கழுவும் முதியவர் விளிம்பைப் பற்றிச் சாய்வது இயல்பு. அப்பாரத்தையும் தாங்கும்படி, பெட்டியைச் சுவரோடு திருகாணியிட்டு இறுக்க வேண்டும். சிறுவனுக்கு ஒரு முக்காலி போதும்.

மரத்தூளைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் அதைப் புற்றுநோய் விளைவிப்பவற்றுள் சேர்த்தது. உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்க. பேரக்குழந்தைகளை அப்பால் அனுப்புக.

பெட்டியின் பின்புறத்தைப் பலகையிட்டு முழுதும் அடைக்காதீர்கள். நீரை நிறுத்தும் வால்வு கைக்கு எட்ட வேண்டும். கழிவுக் குழாயின் வளைவைக் கழற்றித் துப்புரவு செய்ய இடமும் வேண்டும். காற்றோட்டம் இருந்தால் உள்ளே பூஞ்சை தங்காது. மூடிய பெட்டி, குழாயின் சிறு கசிவைப் பல மாதங்கள் மறைத்து வைத்துச் சுவரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும், பேசினை நிரம்ப நீரால் நிரப்பி ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். பின்னர் குழாய் இணைப்புகளின் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, கதவைச் சாத்திவிட்டு உறங்கச் செல்லுங்கள். காலையில் தாளில் ஒரு பொட்டு ஈரமேனும் காணப்பட்டால், சோப்பையும் துவாலையையும் உள்ளே அடுக்குவதற்கு முன்னர் குழாய்க்காரரை அழைத்துவிடுங்கள்.