யாரோடு சாப்பிட்டாய்?

உங்கள் வீட்டிலிருந்தோ உங்கள் சபையிலிருந்தோ ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருக்கக்கூடும். அந்தப் பிள்ளையோடு கடைசியாகப் பேசினபோது நீங்கள் முதலாவது என்ன கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். அது அன்பின் கேள்வி. ஆனாலும் அதற்கு "சாப்பிட்டேன்" என்கிற ஒரே பதில்தான் உண்டு. கேட்கிறவருக்கும் அது தெரியும், சொல்லுகிறவனுக்கும் தெரியும். அப்படிப் பதில் சொல்லுகிற பிள்ளைகளில் ஒருவனாக, அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதைப்பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில். இப்போது ஜெர்மனி தேசத்தின் கிழக்கே, எல்பே ஆற்றங்கரையிலுள்ள டிரெஸ்டன் நகரத்தில் பொறியியல் மேற்படிப்பு படிக்கிறேன். இது எனக்கு இங்கே இரண்டாவது குளிர்காலம்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று நம்முடைய ஜனங்கள் பேசிக்கொள்ளுவதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் விசா பெறுவதற்கு, ஒரு வருடத்துக்கு ஆகும் செலவுப்பணத்தை முன்னதாகவே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காண்பிக்கவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அதிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ மாத்திரமே கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள்ளே. மாணவர்கள் வருடத்தில் 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. நான் வாரத்தில் இரண்டு இரவுகள் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டிகளை அடுக்குகிறேன். வீட்டில் வங்கிக்கடன் இருக்கிறது. அம்மாவின் வளையல்களும் வங்கியில்தான் இருக்கின்றன. இவை எல்லாம் வெளியே எண்ணிச் சொல்லக்கூடிய பாரங்கள். எண்ணிச் சொல்ல முடியாதவையும் உண்டு.

டிசம்பர் மாதத்தில் இங்கே காலை எட்டு மணிக்குத்தான் விடியும். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமையில் கடைகள் பூட்டியிருக்கும், தெரு வெறுமையாயிருக்கும். 90 அடி ரோட்டில் நள்ளிரவிலும் ஒலி ஓயாத இடத்தில் வளர்ந்தவனுக்கு இந்த அமைதி முதலில் நல்ல இளைப்பாறுதலாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதத்தில் அது வேறொன்றாக மாறிவிட்டது. குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். நான் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு அறைக்கு வரும்போது அங்கே இரண்டரை மணி; அம்மாவை எழுப்ப மனம் வராது. காலையில் அம்மா அழைக்கும்போது நான் டிராம் வண்டிக்காக ஓடிக்கொண்டிருப்பேன். "சாப்பிட்டியாய்யா?" "சாப்பிட்டேம்மா." அவ்வளவுதான்.

என்னைக் காப்பாற்றினது எங்கள் விடுதியின் நான்காம் மாடியிலுள்ள பொதுச் சமையலறை. கர்த்தர் அங்கே எனக்கு மூன்று பேரைக் கொடுத்தார். ஒருவர் கானா தேசத்தவர். வயதில் மூத்தவர், ஊரில் மனைவியும் பெண்குழந்தையும் இருக்கிறார்கள். ஒருவன் இந்தோனேசியாவிலிருந்து வந்த முஸ்லிம் வாலிபன். மற்றவன் குண்டூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பையன். எங்கள் நால்வருக்கும் பொதுவாயிருந்தது அரிசிச்சோறு மாத்திரமே. ஜெர்மானிய மாணவர்கள் மாலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுவார்கள். நாங்களோ ஒன்பது மணிக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பிப்போம். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது இங்கே விதி. ஆகையால் எங்கள் சிரிப்பெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு.

கடந்த வருடம் அக்டோபரில் குண்டூர்ப் பையன் சமையலறைக்கு வருவதை நிறுத்திவிட்டான். வேலை அதிகம் என்று முதலில் நினைத்தோம். பத்து நாட்கள் கழித்து கானா தேசத்து அண்ணன்தான் சந்தேகப்பட்டு அவன் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. மறுநாளும் தட்டினார். மூன்றாம் நாள் ஒரு தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவன் கதவைத் திறந்தபோது அறைக்குள் திரைச்சீலை மூடியிருந்தது. அவன் பல நாட்களாய் வெளியே போகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நடந்தது இதுதான். ஒரு கட்டாயப் பாடத்தில் அவன் இரண்டு முறை தோற்றிருந்தான். இங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாம் முறையும் தோற்றால் அந்தப் படிப்பே முடிந்துபோகும். அதனோடு விசாவும் கேள்விக்குறியாகும். அவனுடைய அப்பா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார். வீட்டாரோடு அவன் தினந்தோறும் பேசிக்கொண்டுதான் இருந்தான். தினந்தோறும் அவர்கள் சாப்பாட்டைப்பற்றி விசாரித்தார்கள், அவனும் பதில் சொன்னான். அந்த நாட்களில் அவன் உயிரோடிருக்கவே விரும்பவில்லை என்பதைப் பிற்பாடு எங்களிடம் சொன்னான்.

மாணவர் நலச் சேவை அமைப்பில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதை இந்தோனேசியத் தம்பி விசாரித்து அறிந்தான். நானும் அவனோடு போய் வெளியே காத்திருந்தேன். ஜெபித்தால் போதாதா, ஆலோசகர் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். காய்ச்சல் கண்டால் ஜெபித்துவிட்டு மருத்துவரிடமும் போகிறோம் அல்லவா? இதுவும் அப்படிப்பட்டதே. சபையிலே இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அநேகர். அந்த வெட்கத்தினால் பிள்ளைகளை இழந்த வீடுகளும் உண்டு.

தானியேலைப்பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவனும் அந்நிய தேசத்தில் படிக்கப் போன மாணவன்தான்; மூன்று வருடப் படிப்பு, புதிய மொழி, பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். ராஜாவின் போஜனத்தை அவன் மறுத்ததையே நாம் வாலிபர்களுக்கு எடுத்துச் சொல்லுகிறோம். ஆனால் உயிருக்கு ஆபத்து வந்த அந்த நாளில் அவன் வீட்டுக்குப் போய்த் தன் மூன்று நண்பர்களுக்குக் காரியத்தைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ராத்திரியிலே மறைபொருள் அவனுக்கு வெளிப்பட்டது. நண்பர்களிடம் அவன் சொன்ன அந்தக் கட்டத்தைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

சாட்சி நேரத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. விசா கிடைத்ததற்காக எழுந்து சாட்சி சொல்லும் தாய்மாரை எல்லாச் சபைகளிலும் பார்க்கிறோம். என் அம்மாவும் சொன்னார்கள். இரண்டாம் வருடத்தைப்பற்றி யாரும் எழுந்து சொன்னதை நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்த மறைத்தல் வெளிநாட்டில் பிறந்த பழக்கமல்ல. எங்கள் வீட்டில் அது சொத்தாக வந்தது. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெய்த பெருமழையை உங்களில் அநேகர் மறந்திருக்கமாட்டீர்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். எனக்கு அப்போது ஐந்து வயது. சரக்கு கொடுக்க அந்தேரிக்குப் போன அப்பா அன்று இரவு வரவில்லை, தொலைபேசியும் கிடைக்கவில்லை. அம்மா ஜன்னல் அருகே முழங்காலில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. விடிந்த பின்பு, மார்பளவு தண்ணீரில் நடந்துவந்த அப்பா, வாசலில் நின்று, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் தண்ணி" என்றார். பிறகு இரண்டு நாட்கள் எழுந்திருக்கவில்லை.

அப்பா 1989இல் தம்முடைய பதினெட்டாம் வயதில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரயிலேறி வந்தவர். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. இரவில் அங்கேயே தோல் கட்டுகளுக்கு நடுவே படுக்கை. ஆச்சிக்கு மாதம் ஒரு இன்லண்ட் கடிதம் எழுதுவாராம். இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. இன்றைக்கு நான் ஜெர்மன் மொழியில் தடுமாறி, கடையில் கை காட்டிப் பொருள் வாங்கும்போது, அப்பா 1989இல் பம்பாயில் நின்ற இடம் எனக்கு விளங்குகிறது. ஒரு வித்தியாசம்: அவரிடம் விமானச்சீட்டும் பட்டமும் இல்லை.

நான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல. இரவு குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக வேதபுஸ்தகம் வாசிப்போம். எழுத்துக்கூட்டி வாசித்தே தமிழ் வந்தது. என் நண்பர்கள் என் தமிழைக் கேட்டுச் சிரிப்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் அந்தத் தமிழினால்தான் இப்போது அப்பாவின் கையெழுத்தை என்னால் வாசிக்க முடிகிறது.

ஆச்சி 2023இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அவர்களுடைய இரும்புப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் அப்பாவின் கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே இருந்தன. அப்பா அவற்றை மும்பைக்குக் கொண்டுவந்து, பரணில் வைத்துவிட்டார். குண்டூர்ப் பையனின் காரியம் நடந்த பிறகு நான் அம்மாவிடம் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொண்டேன். ஒன்று, "சாப்பிட்டாயா" என்று கேட்பதற்குப் பதிலாக "யாரோடு சாப்பிட்டாய்" என்று கேட்க வேண்டும். அம்மா கேட்டார்கள்; அன்றைக்கு நாங்கள் நாற்பது நிமிடம் பேசினோம். தனியாகச் சாப்பிட்ட நாட்களில் அந்தக் கேள்விக்கு "சாப்பிட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். "அதுல என்னலே இருக்கு?" என்று முதலில் தட்டிக்கழித்தார். இப்போது தவறாமல் அனுப்புகிறார். எல்லாக் கடிதங்களும் ஒரேவிதமாய்த் தொடங்குகின்றன: தாம் சுகம், அம்மாவின் சுகத்தை அறிய ஆவல். அதற்குப் பிறகு அப்பா தொலைபேசியில் அந்தக் கடிதத்தில் இல்லாததைச் சொல்லுகிறார். பட்டறைக்காரர் மூன்று மாதம் கூலி தராததையும், பக்கத்துப் படுக்கைக்காரரான ஆம்பூர் அண்ணன் தம்முடைய சாப்பாட்டில் பாதியைக் கொடுத்ததையும் அப்படித்தான் அறிந்தேன். அந்த அண்ணனைப்பற்றி முப்பது வருடங்களுக்கு மேல் அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குண்டூர்ப் பையனுக்கு மூன்றாம் தேர்வு பிப்ரவரியில். அவன் தன் அப்பாவிடம் காரியத்தைச் சொல்லிவிட்டான். அவர் நிலத்தைப்பற்றி ஒன்றும் பேசவில்லை, பஸ் பிடித்து விஜயவாடா போய் மகனுக்கு ஊறுகாய் அனுப்பினார். இந்தக் கட்டுரையை நான் எழுதும்போது அவன் சமையலறை மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான்.

கடிதங்களில் அடுத்த ஞாயிறு நாங்கள் 1991க்கு வருகிறோம். அந்த வருடத்தில் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை கண்டு, பட்டறையிலேயே ஒரு மாதம் கிடந்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். ஆச்சிக்கு அவர் என்ன எழுதினார் என்று பார்க்கவேண்டும்.