ஒரு சோறும் ஒரு சிட்டிகை உப்பும்

வடிப்பதற்கு முன் என் பாட்டி கரண்டியைப் பானையின் அடிவரை விட்டுக் கிளறுவார். அதன் பிறகே ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பார்ப்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லும்போது அந்தக் கிளறலை நாம் மறந்துவிடுகிறோம். மேலாக எடுத்த பருக்கைக்கு மேல்சோறு மட்டும்தான் தெரியும். பொது சுகாதாரம் படிக்க வருகிறவர்களுக்குப் புள்ளியியலை நான் இந்தப் பானையிலிருந்துதான் தொடங்குவேன்.

தார்ச்சாலை ஓரத்து வீடுகளில் மட்டும் விசாரித்துவிட்டு மாவட்டக் கணக்கு என்று எழுதினால் அது கிளறாத பானை. நன்றாகக் கலந்துவிட்டாலோ, ஐம்பது பேருக்கு வைத்த சாம்பாரானாலும் ஐந்நூறு பேருக்கான அண்டாவானாலும், உப்புப் பார்க்க உள்ளங்கையில் அதே சில சொட்டுகள் போதும். சில ஆயிரம் வீடுகளை வைத்து ஒரு மாநிலத்தின் நிலையைச் சொல்ல முடிவது இதனால்தான். மாணவர்கள் நம்பத் தயங்கும் இடமும் இதுவே. அண்டா பெரிதென்றால் கரண்டியும் பெரிதாக வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம், கலக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது நோய்ப்பரவலியல். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு பலருக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். படுத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் எல்லாருமே சாம்பார் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். சாம்பார்மீது பழி விழும். ஆனால் நன்றாக நடமாடுகிறவர்களும் அதே சாம்பாரைத்தானே சாப்பிட்டார்கள்? நோய் வராதவரிடமும் போய்க் கேட்பதுதான் இந்தத் துறையின் உயிர். பாயசம் குடித்த 60 பேரில் 30 பேருக்கு நோய், தொடாத 40 பேரில் 2 பேருக்கு நோய் என்றால், 50 சதவீதத்துக்கு எதிரே 5 சதவீதம். பத்து மடங்கு! இனிமேல் பால் எப்போது வந்தது, எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று விசாரிக்கலாம்.

இந்த ஒப்பீடு நாட்டையே மாற்றிய கதை நம் உப்பு ஜாடிக்குள் இருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கு. மழையும் வெள்ளமும் மண்ணின் அயோடினை அரித்துக்கொண்டு போய்விடுவதால் உணவில் அயோடின் குறைந்து, அங்கே முன்கழுத்துக் கழலை ஊர் ஊராக இருந்தது. 1956இல் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் உழைத்தவர்களும் அந்தப் பகுதியை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பு போனது, ஒன்றுக்குச் சாதாரண உப்பு. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு போன வட்டாரங்களில் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரண உப்பு போன இடத்தில் அப்படியே இருந்தது. பாயசம் குடித்தவர், குடிக்காதவர் கணக்குத்தான் இதுவும். இங்கே சேர்த்தது நோயை அல்ல, மருந்தை. பிறகு அந்த மூன்றாவது வட்டாரத்துக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள்.

கழலை கண்ணுக்குத் தெரிகிறது. கர்ப்பத்தில் அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவது தெரிவதில்லை. எனக்கு இதில் ஆறாத கவலை உண்டு.

ஆய்வில் சமைத்தாகிவிட்டது, இனி அது பந்தியில் கடைசி இலைவரை போக வேண்டும். கொள்கைக்காக வாதாடுவதை நான் பரிமாறுதல் என்றே சொல்லிக்கொடுக்கிறேன். 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத சாப்பாட்டு உப்பை விற்கக் கூடாது என்ற தடையை 2000இல் மத்திய அரசு விலக்கியது. 2006இல் மீண்டும் கொண்டுவந்தது. நிரூபித்த ஒன்றுக்காகவும் திரும்பத் திரும்ப வாதாட வேண்டியிருக்கிறது. அந்த விதியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும். ஒருவர் நாளைக்குப் பத்து கிராம் உப்பு சாப்பிட்டால் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். பெரியவர்களுக்கு வேண்டிய அளவு அதுதான். ஆலையில் 30 மில்லிகிராம் சேர்க்கச் சொல்வது, வழியில் ஈரத்திலும் வெயிலிலும் இழப்பது போக மிச்சம் இருக்கட்டும் என்றுதான்.

2018-19இல் எடுத்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம். தூத்துக்குடி உப்பளங்களை வைத்துக்கொண்டு! நமக்குக் கல் உப்புதான் கைப்பழக்கம், அது பெரும்பாலும் அயோடின் ஏறாமலே வந்துவிடுகிறது.

ஒரு முறை மாணவர்களிடம் உப்புச் சோதனைக் குப்பிகளைக் கொடுத்து அவரவர் வீட்டு உப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன். அயோடின் இருந்தால் உப்பு ஊதாவாகும். ஒரு மாணவி வீட்டு ஜாடியில் உப்பு வெள்ளையாகவே இருந்தது. மறுநாள் அவள் தெருமுனை மளிகைக் கடைக்குப் போயிருக்கிறாள். சாக்கில் இருந்த கல் உப்பைக் காட்டி, “அயோடின் போட்ட கல் உப்பு கிடைக்காதா அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறாள்.

“கிடைக்கும்மா. யாரும் கேக்கலையே” என்றாராம் அவர்.

அடுத்த வாரம் அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காக்கள் நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனாள்.