துணி மில் முதலாளி வெளியிட்ட சொந்த நோட்டு! 134 வருஷம் ஓடிய 'குட்டி ஊர்' பேங்க் கதை

உங்கள் சட்டைப் பையில் நூறு ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'இதை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருகிறேன் என்று உறுதி கூறுகிறேன்' என்ற பொருளில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி இருக்கும். கீழே ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து இருக்கும்.

இதே உறுதிமொழியை உங்கள் ஊர் ஜவுளி மில் முதலாளி ஒரு பேப்பரில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, 'இந்தா, இதுதான் பணம்' என்று கொடுத்தால் வாங்குவீர்களா? 'போய்யா, வேற ஆளைப் பாரு' என்றுதானே சொல்வீர்கள்?

ஆனால் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் அப்படி நோட்டு வெளியிட்டார்கள். ஜனங்களும் வாங்கினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 134 வருஷம்!

வெலிங்டன் எங்கே இருக்கிறது?

ஊர் பெயர் வெலிங்டன். இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் மாவட்டத்தில் இருக்கிறது. நம்ம நீலகிரியில் குன்னூர் பக்கத்தில் ராணுவ முகாம் இருக்கும் வெலிங்டனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்த போரில் இருந்த ஆர்தர் வெல்லஸ்லி, பிற்பாடு 'வெலிங்டன் பிரபு' ஆனார். அந்தப் பட்டத்துக்குப் பெயர் கொடுத்தது சாமர்செட் வெலிங்டன். நீலகிரி வெலிங்டனுக்குப் பெயர் வந்தது அந்தப் பிரபுவால்.

அந்த ஊரில் கம்பளித் துணி வியாபாரம் செய்தவர் தாமஸ் பாக்ஸ். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1787-ல் துணி வியாபாரத்தோடு ஒரு பேங்கையும் ஆரம்பித்தார். பின்னாளில் பவுலர் என்ற பெயரும் சேர்ந்து அது 'பாக்ஸ், பவுலர் அண்ட் கம்பெனி' ஆனது.

துணிக்காரருக்கு பேங்க் எதற்கு?

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சில்லரைக்குப் பெரிய தட்டுப்பாடு. மில்லில் நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆட்டு ரோமம் விற்கும் விவசாயிக்கும் பணம் கொடுக்க வேண்டும். தங்கக் காசு, வெள்ளிக் காசை லண்டனில் இருந்து குதிரை வண்டியில் கொண்டுவர வேண்டும். வழியில் திருட்டு பயம் வேறு.

அதனால் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த வியாபாரிகளே பேங்க் ஆரம்பித்து நோட்டு வெளியிட்டார்கள். 1750 வாக்கில் லண்டனுக்கு வெளியே ஒரு டஜன் பேங்க் இருந்தாலே அதிகம். 1810-ல் அது 700-ஐ தாண்டிவிட்டது! ஊருக்கு ஒரு பேங்க், பேங்குக்கு ஒரு நோட்டு.

பேங்குக்கு என்ன லாபம்? 100 பவுண்டுக்கு நோட்டு வெளியிட்டால், அத்தனை நோட்டும் ஒரே நாளில் திரும்பி வராது. கொஞ்சம் தங்கத்தைக் கல்லாவில் வைத்துக்கொண்டு மீதிப் பணத்தை வட்டிக்கு விடலாம். அதாவது நோட்டு வைத்திருக்கும் ஒவ்வொருத்தரும் பேங்குக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்தான். அது அவருக்கே தெரியாது!

ஒரு நோட்டுக்கு 5 சவரன்

நோட்டைக் கொண்டுபோய் கொடுத்தால் பேங்க் தங்கக் காசு கொடுக்க வேண்டும். 1817-ல் வந்த ஒரு பவுண்டு தங்கக் காசுக்குப் பெயர் 'சாவரின்'. கிட்டத்தட்ட 8 கிராம், 22 காரட். கல்யாணத்துக்கு எத்தனை 'சவரன்' போடுவீர்கள் என்று நாம் கேட்கிறோமே, அந்தச் சவரன் இதிலிருந்து வந்ததுதான்.

அப்படியென்றால் 5 பவுண்டு நோட்டு என்பது 5 சவரன் தங்கம் தருகிறேன் என்ற சத்தியம். இன்றைய தங்க விலைக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். அன்றைய மில் தொழிலாளிக்கு அது பல வாரக் கூலி.

அந்தச் சத்தியம் பொய்த்துப் போனால்?

1825 டிசம்பர்: பேங்க் வாசலில் கூட்டம்

பொய்த்தும் போனது. 1820-களில் இங்கிலாந்தில் பேராசை தலைக்கேறியது. தென் அமெரிக்காவில் சுரங்கம், புது நாட்டுக் கடன் பத்திரம் என்று எதை விற்றாலும் வாங்கினார்கள். கிரிகோர் மெக்கிரிகோர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 'போயாஸ்' என்று இல்லாத ஒரு நாட்டின் பெயரில் 1822-ல் 2 லட்சம் பவுண்டுக்கு பத்திரம் வெளியிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அதை நம்பிக் கப்பல் ஏறியவர்கள் காட்டில் இறங்கித் தவித்தார்கள். பலர் நோயில் செத்தே போனார்கள்.

1825 டிசம்பரில் குமிழி உடைந்தது. லண்டனில் 'போல், தார்ன்டன்' என்ற பேங்க் மூடப்பட்டது. பல வெளியூர் பேங்க்குகள் தங்கள் பணத்தை அங்கேதான் வைத்திருந்தன. பெரிய மரம் சாய்ந்தால் கீழே இருக்கும் செடி என்ன ஆகும்? சில மாதங்களில் 60-க்கும் மேற்பட்ட பேங்க்குகள் கதவைச் சாத்தின.

2016 நவம்பரில் நம்ம ஊரில் பேங்க் வாசலில் நின்ற வரிசை ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரிக் கூட்டம்தான். ஆனால் பயம் வேறு. நம்மிடம் இருந்த நோட்டை மாற்ற ஒரு கெடு இருந்தது. அவர்களுக்கு உள்ளே தங்கம் தீர்வதற்குள் கவுன்டரைத் தொட்டாக வேண்டும்.

இதில் அதிகம் அடிபட்டது யார்? கூலியை நோட்டாக வாங்கியவர்கள்தான். பெரிய வியாபாரிக்கு விஷயம் முன்பே தெரிந்துவிடும். மில்லில் வேலை முடிந்து சாயங்காலம் வருகிற தொழிலாளி கையில், மூடிப்போன பேங்கின் நோட்டு வெறும் காகிதமாக இருந்தது.

அதனால் 1826-ல் இங்கிலாந்தில் 5 பவுண்டுக்குக் கீழே நோட்டு வெளியிட சட்டம் தடை போட்டது. ஏழை கையில் தங்கக் காசு, வெள்ளிக் காசுதான் இருக்க வேண்டும், பேங்கின் வாக்குறுதி அல்ல என்பதுதான் அதன் நோக்கம்.

பாக்ஸ் பேங்க் எப்படித் தப்பியது?

அன்றைய ஊர் பேங்கில் முதலாளிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. பேங்க் கவிழ்ந்தால் போட்ட முதல் மட்டும் போகாது. வீடு, நிலம், மில் எல்லாவற்றையும் விற்றுக் கடனை அடைக்க வேண்டும். பாக்ஸ் குடும்பத்துக்கு வெலிங்டனில் ஓடுகிற மில் இருந்தது. 'நோட்டுக்குப் பின்னால் மில் இருக்கிறது' என்று ஊரே கண்ணால் பார்த்தது.

இன்னொன்று அவர்களுடைய மதக் கட்டுப்பாடு. கடனைத் திருப்பித் தர முடியாமல் திவாலானவரை குவேக்கர்கள் சபையை விட்டே விலக்கிவிடுவார்கள். 1828-ல் லண்டன் பேங்கர் ஜோசப் பிரைக்கு அந்தக் கதிதான். அவருடைய மனைவி, சிறைக் கைதிகளுக்காகப் பாடுபட்ட எலிசபெத் பிரை. வேடிக்கை என்ன தெரியுமா? 2002-ல் இருந்து 2017 வரை இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டில் இருந்தது அந்த அம்மாவின் படம்தான்!

279-ல் மிஞ்சியது ஒன்று

1844-ல் பிரதமர் ராபர்ட் பீல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இனிமேல் இங்கிலாந்தில் புதிதாக எந்த பேங்கும் நோட்டு வெளியிடக் கூடாது. ஏற்கனவே வெளியிடுகிறவர்கள் தொடரலாம், ஆனால் ஆளுக்கு ஒரு வரம்பு. வெலிங்டன் பேங்குக்குக் கிடைத்த வரம்பு சுமார் 6,500 பவுண்டுதான். திவாலானால் உரிமை போய்விடும். பெரிய பேங்கோடு இணைந்தாலும் போய்விடும்.

சட்டம் வந்தபோது 279 பேங்க்குகளுக்கு அந்த உரிமை இருந்தது. ஒவ்வொன்றாக மூடின, விலைபோயின, இணைந்தன. பாக்ஸ் பேங்க் மட்டும் சாமர்செட்டைத் தாண்டியும் 50-க்கும் மேற்பட்ட கிளைகளோடு வளர்ந்து, பிடிவாதமாக சொந்த நோட்டை விடாமல் வைத்திருந்தது.

முதல் உலகப் போரில் அதே குடும்பத்தின் மில் வேறு விதத்தில் பிரபலம் ஆனது. சிப்பாய்கள் முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொள்ளும் துணிப் பட்டையை அங்கேதான் ஏராளமாக நெய்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'பட்டீ'. இந்தியில் இருந்து போன வார்த்தை. நம்ம ஊர் பழைய அரை டிரவுசர் போலீஸ்காரர்கள் காலில் சுற்றிய அதே பட்டைதான்.

1921-ல் பாக்ஸ், பவுலர் பேங்க் லாயிட்ஸ் பேங்கோடு இணைந்தது. சட்டப்படி நோட்டு உரிமை அன்றோடு முடிந்தது. இங்கிலாந்தில் சொந்த நோட்டு வெளியிட்ட கடைசி தனியார் பேங்க் அதுதான். அதன்பிறகு அங்கே நோட்டு வெளியிடுவது பேங்க் ஆப் இங்கிலாந்து மட்டும்.

ஆனால் பக்கத்து ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இன்றும் சில தனியார் பேங்க்குகள் நோட்டு வெளியிடுகின்றன! ஒரே நிபந்தனை, அந்த நோட்டுகளின் மதிப்புக்கு ஈடாகப் பணம் ஒதுக்கி வைத்தாக வேண்டும்.

நம்ம சென்னையிலும்...

நம்ம ஊரிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1843-ல் தொடங்கிய 'பேங்க் ஆப் மெட்ராஸ்' சொந்த நோட்டு வெளியிட்டது. 1861-ல் வந்த காகிதப் பணச் சட்டம் அந்த வேலையை அரசாங்கத்திடம் கொடுத்தது. 1935-ல் ரிசர்வ் வங்கி வந்தது. 1938-ல் அதன் முதல் நோட்டு வெளியானது.

இன்று நோட்டில் யார் கையெழுத்து என்று நாம் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. ஆனால் சீட்டுக் கம்பெனி ரசீது, நகைக்கடை சேமிப்புத் திட்ட அட்டை என்று வேறு காகிதங்களும் வீட்டில் இருக்கிறதே? அவையும் 'கேட்டால் தருகிறேன்' என்று ஒருத்தர் எழுதிக் கொடுத்த வாக்குறுதிதான். பேங்கில் போட்ட பணத்துக்கு, பேங்க் மூழ்கினாலும், 2020-ல் இருந்து ஒருவருக்கு ஒரு பேங்கில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அந்த ரசீதுகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

வெலிங்டன் ஜனங்கள் நோட்டை வாங்கும் முன்பு மில் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். அடுத்த மாதத் தவணை கட்டும் முன்பு நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.