செக்ஸ், பால், பாலியல்

செக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன் மொழியின் செக்சுஸ். ஆணா பெண்ணா என்ற பிரிவை மட்டுமே அது குறித்தது. வெட்டுதல் என்ற பொருளுடைய செகாரே என்ற வினைக்கும் அதற்கும் உறவு இருக்கலாம் என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த விக்ளிஃப் பைபிள், நூஹ் நபியின் கப்பலில் ஏறிய ஆண், பெண் விலங்குகளைச் சொல்லும் இடத்தில் இச்சொல்லை ஆள்கிறது. உடலுறவு என்ற பொருள் அதில் வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழில் பால் என்ற சொல்லும் பகுப்பையே குறிக்கிறது. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் எனத் தொல்காப்பியம் ஐந்து பால்களைக் காட்டுகிறது. திருக்குறளின் காமத்துப்பாலில் உள்ள பால் நூலின் பகுதி. அறத்துப்பாலில் உள்ளதும் அதுவே. இந்தப் பாலிலிருந்து பாலியல் என்ற சொல் பிறந்தபின் இலங்கைத் தமிழ் தனி வழியில் நடந்தது. தமிழ்நாட்டார் பாலினம் என்பதை இங்கே பால்நிலை என்கிறார்கள். அங்கே பாலியல் வன்கொடுமை, இங்கே பாலியல் வல்லுறவு.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் இன்னொரு சொற்குடும்பமும் உண்டு. ஹைளு என்றால் மாதவிடாய். நிபாஸ் என்றால் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய உதிரப்போக்கு. கணவன் மனைவி சேர்ந்தபின் குளிப்பு கடமையாகிறது. அந்த நிலைக்குப் பெருந்தொடக்கு என்று பெயர். ஷாபிஈ மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபின் நூல்களில் இவை சுத்தம் பற்றிய பாடங்களாகவே வருகின்றன. உடலைப் பற்றிப் பேச நம்மிடம் சொல் இல்லை என்பது தவறு. வெட்கமின்றி, மரியாதையோடு பேசும் சொற்கள் ஓதும் பள்ளியிலேயே கிடைக்கின்றன. செக்ஸ் என்ற சொல்லோ கேலியோடும் ஒளிவோடும் பிள்ளைகளின் காதில் விழுகிறது. அதனால் பாடசாலையில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது ஆசிரியரும் மாணவரும் கூச்சப்படுகிறார்கள். இது பெரிய இழப்பு.

சொல் தெரியாதவர் தமக்கு நேர்ந்ததை முறையிடவும் முடியாது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவைத் தனிக் குற்றமாக்கியது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை. விரும்பத்தகாத பாலியல் பேச்சும் அதில் அடங்கும். ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது “கெட்ட கதை கதைத்தான்” என்பதோடு நில்லாமல், சொன்ன சொல்லையும் தொட்ட இடத்தையும் அப்படியே சொல்லவேண்டும்.