டிக்கெட் காசு கம்பெனியோடது, மைல்ஸ் யாரோடது? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மாத்தின கணக்கு



ஆபீஸ் வேலையா ஃபிளைட்ல போறீங்க. டிக்கெட் காசு கம்பெனி கட்டுது. மைல்ஸ் மட்டும் உங்க கணக்குல வந்து விழுது. "சும்மா வர்றதுதானே, இதுல என்ன இருக்கு?"னு நாம விட்டுடுவோம். ஆனா ஏர்லைன்ஸ் அப்படி விடுறதில்ல. காசு கட்டுறது யாரு, ஃபிளைட்டைத் தேர்ந்தெடுக்கிறது யாரு, இந்த ரெண்டு பேர்ல யாருக்கு சாக்லேட் கொடுத்தா வியாபாரம் நடக்கும்னு அவங்க நல்லா யோசிக்கிறாங்க.

அதுக்கு ஒரு நல்ல உதாரணம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சின்ன கம்பெனிகளுக்காக வச்சிருக்கிற ரிவார்ட்ஸ் திட்டம். இந்த ஏர்லைன்ஸோட தலைமையகம் டெக்சாஸ்ல ஃபோர்ட் வொர்த். பக்கத்துல இருக்கிற இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோல நம்ம ஆட்கள் நிறைய பேர் ஐடி வேலையில இருக்காங்க. சின்ன கன்சல்டிங் கம்பெனியில சேர்ந்து கிளையன்ட் இடத்துக்குப் பறக்கிறவங்களுக்கு இது நேரடியா தொடர்புள்ள விஷயம். மத்தவங்களுக்கும் பாடம் இருக்கு, தொடர்ந்து படிங்க.

என்ன மாறுச்சு?

முன்னாடி இருந்த திட்டத்தோட பேர் பிசினஸ் எக்ஸ்ட்ரா. டிக்கெட்டுக்குச் செலவு பண்ற ஒவ்வொரு 5 டாலருக்கும் கம்பெனிக்கு 1 பாயின்ட். பயணம் பண்ற ஊழியருக்கு அவரோட சொந்த மைல்ஸ் தனி.

2023 அக்டோபர்ல இதை மாத்தி, அட்வான்டேஜ் பிசினஸ்னு புதுத் திட்டம் கொண்டு வந்தாங்க. அதோட முக்கிய அம்சங்கள்:

- கம்பெனிக்கு 1 டாலருக்கு 1 மைல். தனி பாயின்ட் கிடையாது, எல்லாருக்கும் இருக்கிற அதே மைல்ஸ்தான்.
- பயணம் பண்றவருக்கு, வழக்கமா வர்றதுக்கு மேல 1 டாலருக்கு 1 லாயல்டி பாயின்ட் கூடுதலா.
- கம்பெனிக்கு மைல்ஸ் வரணும்னா 12 மாசத்துல குறைஞ்சது 5 பயணிகள், 5,000 டாலர் செலவு இருக்கணும்.
- ஏர்லைன்ஸோட சொந்த இணையதளம், ஆப் வழியா புக் பண்ண வைக்கிறதுதான் திட்டத்தோட நோக்கம்.

லாயல்டி பாயின்ட்னா என்ன? அதை வச்சு டிக்கெட் வாங்க முடியாது. அது அந்தஸ்துக்கான மார்க் மாதிரி. மார்ச்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் 40,000 சேர்த்தா கோல்டு, 2,00,000 சேர்த்தா எக்சிக்யூட்டிவ் பிளாட்டினம். நல்ல சீட், சீக்கிரம் போர்டிங் எல்லாம் அதுல வரும். இந்தச் சலுகையை அனுபவிக்கப் போறது முதலாளி இல்ல, நீங்க.

இப்போ கணக்கு போடுவோம்

ஒரு மைலுக்கு ஒரு சென்ட் மதிப்புன்னு தோராயமா வச்சுக்குவோம். வரியை இப்போதைக்கு விட்டுடுவோம்.

முதல் கம்பெனி: 4 பேர், வருஷத்துக்கு 12,000 டாலர் டிக்கெட் செலவு. பழைய திட்டத்துல 2,400 பாயின்ட் வந்திருக்கும். புதுசுல? அஞ்சு பேர் இல்ல, அதனால கம்பெனிக்கு ஒண்ணும் கிடையாது. செலவு 5,000 டாலரைத் தாண்டியும் பலன் இல்ல.

ரெண்டாவது கம்பெனி: 6 பேர், அதே 12,000 டாலர். கம்பெனிக்கு 12,000 மைல், அதாவது 120 டாலர். ஆனா சாதாரண உறுப்பினருக்கே 1 டாலருக்கு 5 மைல் வரும். அப்போ அந்த ஆறு பேருக்கும் சேர்த்து 60,000 மைல், அதாவது 600 டாலர்.

கவனிச்சீங்களா? காசு கட்டினவருக்கு 120, பறந்தவங்களுக்கு 600. அதுக்கு மேல லாயல்டி பாயின்ட் வேற.

சிக்கல் எங்கே?

உங்களுக்கு முன்னாடி ரெண்டு டிக்கெட். வேற ஏர்லைன்ஸ்ல 340 டாலர். மைல்ஸ் சேர்க்கிற ஏர்லைன்ஸ்ல 400 டாலர். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம். கை தானா 400 டாலர் டிக்கெட்டுக்குப் போகும்.

அதுல உங்களுக்கு 2,000 மைல், 20 டாலர் மதிப்பு. கம்பெனிக்கு 400 மைல், 4 டாலர். ஆனா கம்பெனி கூடுதலா கொடுத்தது 60 டாலர். நிகர நஷ்டம் 56 டாலர். வருஷத்துக்கு 30 ட்ரிப் இப்படிப் போனா 1,680 டாலர்.

பெரிய கம்பெனியில இது கடல்ல கரைச்ச பெருங்காயம். ஆறு பேர் இருக்கிற கம்பெனியில அப்படி இல்ல. வருஷக் கடைசியில "இந்த தடவை இன்க்ரிமென்ட் கொஞ்சம் கம்மிதான்"னு சொல்றப்போ, அந்த 1,680 டாலரும் அதுக்குள்ளதான் இருக்கு. 20 டாலர் மைல்ஸுக்காக நம்ம சம்பளப் பானையில நாமளே ஓட்டை போடுறோம்.

விதி அவங்க கையில

இன்னொண்ணு. மைல்ஸ் உங்க பேங்க் பேலன்ஸ் கிடையாது. இதே ஏர்லைன்ஸ் 2024 பிப்ரவரியில, சில டிராவல் ஏஜென்சி வழியா புக் பண்ணா மைல்ஸ் கிடையாதுன்னு அறிவிச்சாங்க. எதிர்ப்பு வந்துச்சு, மே மாசக் கடைசியில கைவிட்டாங்க. மாத்துறதும் அவங்கதான், திருப்பி எடுக்கிறதும் அவங்கதான்.

இந்த மைல்ஸ் தொழில் எவ்வளவு பெருசுன்னா, 2021 மார்ச்ல அட்வான்டேஜ் திட்டத்தையே அடமானமா வச்சு 1,000 கோடி டாலர் திரட்டினாங்க. ஆக, இது அவங்களுக்கு முக்கியமான சொத்து. அதை அவங்க லாபத்துக்குத்தான் நடத்துவாங்க.

நம்ம ஊர்லயும் இதே காத்துதான். 2024 ஏப்ரல்ல ஏர் இந்தியா, தூரத்தை வச்சுப் பாயின்ட் கொடுக்கிறதை விட்டுட்டு, செலவு பண்ற ரூபாயை வச்சுக் கொடுக்க ஆரம்பிச்சுது. பாயின்ட் ரூபாயோட சேர்ந்து வளரும்போது, விலை ஜாஸ்தியான டிக்கெட் மேல ஆசையும் வளரும்.

நீங்க என்ன செய்யணும்?

1. மைல்ஸ் யாருக்குன்னு கம்பெனி பாலிசியில கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. எழுத்துல இல்லைன்னா ஒரு மெயில் போட்டு வச்சுக்கோங்க.
2. முதல்ல விலை, நேரம் பாருங்க. மைல்ஸைக் கடைசியா பாருங்க. விலை கூடுதலா இருக்கிற டிக்கெட்தான் வேணும்னா, காரணத்தை மேனேஜர்கிட்ட வெளிப்படையா சொல்லிடுங்க.
3. சின்ன கம்பெனியில டிக்கெட் போடுறதே நீங்கதான்னா, எத்தனை பேர் பதிவாகியிருக்காங்க, 12 மாசச் செலவு எவ்வளவுன்னு பாருங்க. தகுதியே வராதுன்னா, அந்தத் திட்டத்துக்காக ஒரே ஏர்லைன்ஸைக் கட்டிப்பிடிச்சுட்டு இருக்க வேண்டாம்.
4. சேர்ந்த மைல்ஸைப் பூட்டி வைக்காதீங்க. அட்வான்டேஜ்ல பொதுவா 24 மாசம் கணக்குல எந்த நடவடிக்கையும் இல்லைன்னா மைல்ஸ் காலாவதி ஆகிடும். ஊருக்கு வர்ற டிக்கெட்டுக்குப் பயன்படுத்துங்க.
5. மாச பட்ஜெட்ல மைல்ஸை வருமானமா எழுதாதீங்க. வந்தா லாபம், அவ்வளவுதான்.

மைல்ஸ் வாங்குறது தப்பு இல்ல. வேலைக்காக ராத்திரி ஃபிளைட்ல தூங்காம போறது நீங்கதான், அதுக்கு ஒரு பலன் இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை டிக்கெட் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: "இது என் சொந்தக் காசா இருந்தா, இந்த டிக்கெட்டைத்தான் எடுப்பேனா?" ஆமான்னா தாராளமா எடுங்க.

உங்க ஆபீஸ்ல மைல்ஸ் யாருக்குப் போகுது? கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.