ரயில் நின்றால் ஊர் இருட்டு

சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் 16.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தண்டவாளம், ஓர் எஞ்சின், நான்கு பெட்டி. எல்லாம் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு, எச்.ஓ. அளவு என்பார்கள். சூலூரில் அக்கா மகனும் நானும் சேர்ந்து அதில் ஒரு ஸ்டேஷன் கட்டினோம். விளக்குக்குத் தனியாக எதற்கு ஏற்பாடு என்று தண்டவாளத்திலிருந்தே ஒயர் இழுத்துவிட்டோம். ரயில் ஓடும்போது ஸ்டேஷன் ஜொலித்தது. நிறுத்தியதும் ஊரே இருண்டது. பின்பக்கமாக ஓட்டினால் இன்னும் வேடிக்கை: எல்.இ.டி.கள் அணைந்துபோக, பழைய குண்டு பல்புகள் மட்டும் எரிந்தன.

"மாமா, நம்ம ஊர்ல ரயில் வந்தாத்தான் கரண்ட்டா?" என்றான்.

காரணம் எளிது. அந்தத் தண்டவாளத்தில் ஓடுவது பூஜ்யத்திலிருந்து 12 வோல்ட் வரை ஏறி இறங்கும் டிசி. வோல்ட்டைக் கூட்டினால் வேகம். பிளஸ், மைனஸை மாற்றினால் திசை மாறும். குண்டு பல்பு எந்தப் பக்கமிருந்து கரண்ட் வந்தாலும் எரியும். எல்.இ.டி. ஒருவழிப் பாதை.

எல்லாவற்றையும் ஒரே கரண்டில் கோக்கும் இந்தத் தவறை நிஜ ரயில்வே செய்வதில்லை. எங்கள் பக்கத்தில் 1862-லிருந்து ரயில் பார்க்கும் ஊர் போத்தனூர். ரயில்வேயின் சிக்னல் பணிமனையும் அங்கே உண்டு. அந்தப் பக்கம் போனால் தலைக்கு மேலே போகும் கம்பியைப் பாருங்கள். அதில் 25,000 வோல்ட் ஏசி; அது எஞ்சினுக்கு. இன்றைய ஸ்டேஷன்களில், ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்டைத் திருப்பும் மோட்டாருக்குப் பொதுவாக 110 வோல்ட் டிசி, ரிலேக்களுக்கு 24 வோல்ட் டிசி, எல்.இ.டி. சிக்னலுக்கு 110 வோல்ட் ஏசி. கருவிக்கு ஏற்ற கரண்டைப் பிரித்துக் கொடுக்கவே ஐ.பி.எஸ். என்று ஓர் அலமாரி, பக்கத்தில் பேட்டரி வரிசை. பலகை ரயிலுக்கும் அதே நியாயம்தான், அளவு மட்டும் சிறியது.

எனவே விளக்குக்குத் தனி ஏற்பாடு தேடி மறுநாள் காந்திபுரத்தில் ஒரு கடையில் நின்றோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "ஏசிங்களா, டிசிங்களா? அதச் சொன்னாத்தானுங்க குடுக்க முடியும்."

ஜெர்மனியின் மார்க்லின் போன்ற பழைய கம்பெனிகள் துணைக்கருவிகளுக்கு 16 வோல்ட் ஏசி கொடுத்துப் பழக்கியவை. பல்புக்கும் காயிலுக்கும் ஏசி, டிசி பேதம் கிடையாது என்பதால் அது நன்றாகவே ஓடியது. இன்று அந்த டிரான்ஸ்பார்மரை வைத்து எல்.இ.டி. எரிக்கப் போகும்போதுதான் சிக்கல். 16 என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு (ஆர்.எம்.எஸ்.); அலையின் உச்சி அதைப்போல 1.41 மடங்கு, அதாவது சுமார் 22.5 வோல்ட். நான்கு டயோடு போட்டு, கண்டன்சர் வைத்து டிசி ஆக்கினால், டயோடுகள் ஒன்றரை வோல்ட் தின்றது போக 21 வோல்ட் நிற்கும். 16-தானே என்று நம்பி 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை மாட்டினால் கதை முடிந்தது. எங்களுக்குச் சுலபமான வழி 12 வோல்ட் டிசி அடாப்டர். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் வரிசையில் 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 10 மில்லியாம்பியர் அளவில் கரண்ட் கட்டுப்பட்டு நிற்கும். குட்டி ஸ்டேஷனுக்கு அந்த வெளிச்சமே அதிகம்.

"2 ஆம்பியர் அடாப்டர் போட்டா விளக்கு எரிஞ்சு போயிடாதா?" என்று பலரும் பயப்படுகிறார்கள். போகாது. கிணற்றில் எவ்வளவு தண்ணி கிடந்தாலும் மோட்டார் தன் அளவுக்குத்தான் இறைக்கும். ஆம்பியர் கிணறு மாதிரி. கூட இருந்தால் நல்லதே. பொருந்த வேண்டியது வோல்ட்.

பாயிண்ட் மட்டும் தனி ஜாதி. ரயிலை இந்தத் தடத்திலிருந்து அந்தத் தடத்துக்குத் திருப்பும் பாயிண்ட்டை இழுப்பது காயில். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கால் நொடி நேரத்துக்கு இரண்டு மூன்று ஆம்பியரை உறிஞ்சி, கம்பியை 'டக்' என்று இழுத்துவிட்டு ஓய வேண்டும். பட்டனை அழுத்தியபடியே இருந்தால் காயில் சுட்டு, வார்னிஷ் கருகும். மோட்டார் ஜாம் ஆகி காயில் எரிந்த வாசனையை அறியாத தோட்டக்காரர் கொங்கு நாட்டில் இருக்க மாட்டார். அதே வாசனைதான், கொஞ்சமாக. பம்புசெட் காயிலைக் கட்டித் தர ஊருக்கு ஊர் ரீவைண்டிங் கடை உண்டு. இந்தத் துக்கடாவை யார் கட்டித் தருவார்?

காயில் கருகாமல் காக்கும் மருந்து கண்டன்சர்தான். 2200 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை ஒரு ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரப்பி வைத்தால், பட்டனை அழுத்தியதும் மொத்தத்தையும் காயிலில் கொட்டிவிடும். பிறகு எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ரெசிஸ்டர் விடும் சொற்பக் கரண்ட்தான், காயில் பிழைக்கும். சிங்கிள் ஃபேஸ் பம்பிலும் கண்டன்சர் இருக்கிறது, ஆனால் அங்கே அதற்கு வேறு வேலை. பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பாயிண்ட்டையும் விளக்கையும் ஒரே அடாப்டரில் கோத்தால் ஒவ்வொரு 'டக்'குக்கும் ஸ்டேஷன் கண் சிமிட்டும். ரயிலுக்கும் விளக்குக்கும் கரண்டைப் பிரித்து வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தடம் புரண்ட எஞ்சின் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிட்டால் ரயிலை ஓட்டும் கன்ட்ரோலர் கரண்டைத் துண்டித்துக்கொள்ளும். ஸ்டேஷன் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். எந்தச் சக்கரம் இறங்கியது என்று அந்த வெளிச்சத்திலேயே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.