நகராட்சிக்கு முன்பே வந்த சங்கம்! காரைக்குடி தனக்குத்தானே கட்டிக்கொண்ட அமைப்புகள்

காரைக்குடி என்று தேடினால் உங்கள் போனில் என்ன வரும்? ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை, நாட்டுக்கோழிக் குழம்பு. எல்லாம் சரிதான். ஆனால், மலையோ கடலோ பெரிய ஆறோ இல்லாத இந்தப் பொட்டல் பூமியில் ஒரு நூலகம், கல்லூரி, இலக்கிய விழா எல்லாம் எப்படி வந்தன என்ற கதை ரீல்ஸில் அவ்வளவாகச் சிக்குவதில்லை.

காரைக்குடிக்கு நகராட்சி அந்தஸ்து வந்தது 1928-ல். மாநகராட்சி ஆனது 2024-ல். ஆனால் ‘இந்து மதாபிமான சங்கம்’ இங்கே தொடங்கப்பட்டது 1917-ல். அதாவது, ஊருக்கு நகராட்சி வருவதற்கு 11 வருடங்கள் முன்பே ஊர்க்காரர்கள் கூடிப் படிக்கவும் பேசவும் ஓர் இடம் வந்துவிட்டது. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ‘கொண்டுவிக்க’ப் போய்ச் சம்பாதித்து அனுப்பிய காலம் அது. அந்தப் பணத்தில் தேக்கும் பளிங்கும் இழைத்த வீடுகள் எழுந்துகொண்டிருந்தபோது, ராய.சொக்கலிங்கம், சொ.முருகப்பா போன்ற இளைஞர்கள் சங்கம் வைக்கக் கிளம்பினார்கள்.

பெயரைப் பார்த்து, பஜனை மடம் என்று நினைத்துவிடாதீர்கள். 1919 நவம்பரில் பாரதியார் இந்தச் சங்கத்துக்கு வந்தார். சங்கத்தை வாழ்த்திப் பாடியும் கொடுத்தார். நமக்குக் கிடைத்திருக்கும் பாரதி போட்டோக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில், கையில் தடியோடு அவர் நிற்கும் படம் காரைக்குடியில் எடுத்ததுதான். அடுத்த இரண்டு வருடத்துக்குள் பாரதி காலமாகிவிட்டார். அன்றைக்கு யாரோ ஒருவருக்கு ‘கவிஞரை ஒரு படம் எடுத்து வைப்போம்’ என்று தோன்றியிருக்கிறது. அவர் நல்லா இருக்கட்டும்!

சொ.முருகப்பா அதோடு நிற்கவில்லை. விதவைப் பெண்களின் மறுமணத்துக்காக 1930-களில் காரைக்குடியில் ஒரு சங்கம் நடத்தினார். ‘மாதர் மறுமணம்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. அதன் ஆசிரியர் அவரது மனைவி மரகதவல்லி. கல்யாணத்துக்குச் சீர் வரிசை பரப்பவே தனிக் கூடம் கட்டுகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

கோட்டையூரிலிருந்து இரண்டு பேர்

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூர்தான் வள்ளல் அழகப்பரின் ஊர். 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. பின்தங்கிய பகுதிகளில் கல்லூரி தொடங்க வசதியானவர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் மேடையில் கேட்க, அங்கேயே எழுந்து ‘நான் தொடங்குகிறேன்’ என்றார் அழகப்பர். சில வாரங்களில், அதே ஆகஸ்டில், காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. மைய மின்வேதியியல் ஆய்வகம் (ஊர்க்காரர்களுக்கு ‘சிக்ரி’) இங்கே வர அவர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ல் ஆய்வகம் திறந்தது. அழகப்பர் 1957-ல் மறைந்தார். அவர் தொடங்கி வைத்தது 1985-ல் பல்கலைக்கழகமாகவே ஆனது.

இதே கோட்டையூரில் இன்னொருவர், ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எனக் கிடைத்ததை எல்லாம் சேர்த்து வீட்டை நிறைத்தார். புழு அரிக்காமல் அவற்றைக் காப்பதே அவருக்குப் பெரும்பாடு. ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டிலிருந்து கோட்டையூருக்குத் தேடி வந்தார்கள். 1992-ல் அவர் மறைந்ததும் அத்தனையும் என்ன ஆகும் என்ற கேள்வி வந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்க வழி செய்தது. இன்று சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படிப் பிறந்ததுதான். தமிழுக்கு மிகப் பெரிய லாபம். கோட்டையூருக்கு? நமக்கு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. அழகப்பருக்குப் பின்னால் ஒரு நிர்வாகம் இருந்தது. முத்தையா தனி ஆளாகச் சுமந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டை போடாத கம்பன் அடிப்பொடி

தொடங்கியவர் போன பிறகும் ஓர் அமைப்பு ஓடுமா? இதற்கு காரைக்குடிக்காரர்கள் காட்டுவது கம்பன் கழகத்தை. 1939-ல் சா.கணேசன் ஆரம்பித்தார். முதல் விழாவுக்குத் தலைமை ரசிகமணி டி.கே.சி. சா.க. சுதந்திரப் போராட்டக்காரர். பின்னாளில் காரைக்குடி எம்.எல்.ஏ-வாகவும் இருந்தார். மேலே சட்டை கிடையாது; வேட்டி, துண்டு மட்டும். எந்த வி.ஐ.பி. வந்தாலும் வராவிட்டாலும் அவர் நடத்திய விழா குறித்த நிமிடத்தில் தொடங்கி, குறித்த நிமிடத்தில் முடியும். நம் ஊர் மேடைகளை நினைத்துப் பாருங்கள், இது எத்தனை பெரிய சாதனை என்று புரியும்!

அவர் 1982-ல் காலமானார். 1975-ல் அடிக்கல் நாட்டிய தமிழ்த்தாய் கோயில் 1993-ல்தான் திறந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஆனால் விழா நிற்கவில்லை. காரைக்குடியைப் பார்த்து சென்னை, புதுச்சேரி, இலங்கை என்று பல இடங்களில் கம்பன் கழகங்கள் முளைத்தன.

பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் விழா காரைக்குடியில். நாலாம் நாள் அத்தத்தன்று கூட்டம் நாட்டரசன்கோட்டைக்குப் போகும். கம்ப ராமாயணம் அரங்கேறியது பங்குனி அத்தத்தில் என்பது மரபு. கம்பர் சமாதி இருப்பதாகச் சொல்லப்படுவதும் அங்கேதான். சிவகங்கைக்குப் பக்கம், ஒரே பஸ்ஸில் போய்விடலாம். அங்குள்ள மண்ணில் ஒரு துளியைக் குழந்தையின் நாக்கில் வைத்தால் தமிழ் நன்றாக வரும் என்று அந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்காகவே பேரக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரும் ஆச்சிகளும் உண்டு.